ஒரு நட்டு எவ்வளவு இறுகணும்? டார்க் ரெஞ்சின் கதையும் லாரிச் சக்கரமும்

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு கருவியைப் பத்தி. பார்க்க நீளமான ஸ்பேனர் மாதிரி இருக்கும். பல ஒர்க்‌ஷாப்புல சுவர்ல மாட்டி வெச்சிருப்பாங்க. சில இடத்துல அதை வெச்சு நட்டைக் கழட்டவும் செய்வாங்க. டார்க் ரெஞ்ச். தராசு, வெப்பமானி மாதிரி இதுவும் ஒரு அளவுகோல்தான். ஸ்பேனர் மாதிரி புழங்கினா ஸ்பேனராவே ஆயிடும். அந்த வித்தியாசம் ஏன் முக்கியம்னு புரியணும்னா இதோட நூறு வருஷக் கதையைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

ஒரு கணக்கோட தொடங்கலாம். பிரிட்டன்ல போக்குவரத்து ஆய்வுக்கூடமான டிஆர்எல், அந்த நாட்டு அரசுக்காக ஒரு ஆய்வு செய்து 2006ல் வெளியிட்டது. லாரி, பஸ் போன்ற கனரக வண்டிகளில் ஓடும்போதே சக்கரம் கழன்று போவது எத்தனை தடவை நடக்குது என்பதுதான் கேள்வி. வருஷத்துக்கு 150 முதல் 400 வரை என்று மதிப்பிட்டார்கள். அதில் 3 முதல் 7 வரை உயிர் பறிக்கும் விபத்துகள். டயரோடு சேர்ந்த ஒரு லாரிச் சக்கரம் கிட்டத்தட்ட நூறு கிலோ இருக்கும். அது தனியா உருண்டு எதிர்ப் பக்கம் வர்ற காரின் கண்ணாடியில் மோதினால் என்ன ஆகும்னு நான் சொல்லவேண்டியதில்லை.

இந்தச் சக்கரங்களில் பெரும்பாலானவற்றை யாரோ ஒருத்தர் இறுக்கித்தான் அனுப்பியிருப்பார். நல்லா இறுக்கினோம்னு நம்பித்தான் அனுப்பியிருப்பார். அந்த "நல்லா" என்ற சொல்லை எண்ணாக மாற்றியதுதான் டார்க் ரெஞ்சின் வரலாறு.

கைக்கணக்கு

சமையல்ல கைப்பக்குவம்னு சொல்றோம். மெக்கானிக் வேலையிலும் அது உண்டு. பத்து வருஷம் ஸ்பேனர் பிடிச்ச கைக்கு, நட்டு உட்கார்ந்துருச்சா இல்லையான்னு தெரியும். ஸ்பேனர்களின் நீளமே இதுக்கு உதவி செய்யுது. சின்ன நட்டுக்குச் சின்ன ஸ்பேனர், பெரிய நட்டுக்கு நீளமான ஸ்பேனர். ஒரு சராசரி ஆள் ஒரு சராசரி இழு இழுத்தால் அந்த போல்ட்டுக்குத் தேவையானது ஏறத்தாழ கிடைச்சிடும்.

கையை நம்புறதுல ரெண்டு சிக்கல். ஒண்ணு, காலையில் இழுக்கும் கையும் சாயங்காலம் இழுக்கும் கையும் ஒண்ணு இல்ல. இன்னொண்ணு, ஸ்பேனர்ல பைப் மாட்டுற பழக்கம். ஒரு கணக்குப் போடுவோம். எழுபது கிலோ ஆள், நட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி பைப்பின் நுனியில் ஏறி நிக்கிறார். எழுபதை 9.8ஆல் பெருக்கி, அதை ஒன்றரையால் பெருக்குங்க. ஆயிரம் நியூட்டன் மீட்டருக்கு மேல வரும். பெரிய லாரிகளில் பரவலாக இருக்கும் 22 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு வட அமெரிக்காவில் சொல்லும் அளவு 610 முதல் 680 நியூட்டன் மீட்டர். அதாவது நம்ம ஆள் அசைஞ்சு குதிக்காம சும்மா நின்னாலே ஒன்றரை மடங்கு. ஸ்டட் இழுபட்டு நீண்டுடும். அன்னைக்கு உடையாது. இன்னொரு நாள், யாரோ ஒரு டிரைவர் ஓட்டும்போது உடையும்.

இடையில் ஒரு சொல் விளக்கம். ஆங்கிலத்தில் "டார்க்" என்ற சொல்லை இந்தப் பொருளில் 1884ல் முன்வைத்தவர் ஜேம்ஸ் தாம்சன் என்ற பொறியாளர். கெல்வின் பிரபுவின் அண்ணன். முறுக்குவதற்கான லத்தீன் சொல்லிலிருந்து எடுத்தார். நாமளும் முறுக்கு விசைன்னுதான் சொல்றோம். விசையை, அது செயல்படும் தூரத்தால் பெருக்கினால் வருவது. நியூட்டனை மீட்டரால் பெருக்குவதால் நியூட்டன் மீட்டர்.

நியூயார்க் தண்ணீர்க் குழாயிலிருந்து

இந்தக் கருவி கார் ஷெட்டில் பிறக்கல. தண்ணீர்க் குழாயில் பிறந்தது என்பதுதான் சுவாரசியம்.

கான்ராட் பார் என்பவர் நியூயார்க் நகரத் தண்ணீர்த் துறையில் வேலை பார்த்தார். தரைக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய், நீராவிக் குழாய்களின் இணைப்புகளில் வட்டமாக போல்ட்டுகள் இருக்கும். ஒரு போல்ட் அதிகமாவும் பக்கத்து போல்ட் குறைவாவும் இறுகியிருந்தால் குழாய் இணைப்பு ஒரு பக்கம் வாய் திறக்கும். அல்லது வார்ப்பிரும்பு விளிம்பு விரியும். ஒரே ஆள் இறுக்கின போல்ட்டுகளிலேயே இறுக்கம் ஒண்ணுக்கு ஒண்ணு மாறியிருப்பதைப் பார்த்து அவர் அலுத்துப்போனார். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் கருவியை 1918லேயே செய்துவிட்டதாகப் பின்னாளில் அவர் சொன்னார். பிறகு ஜார்ஜ் ஃபெஃபர்லி என்ற பொறியாளரோடு சேர்ந்து 1935ல் காப்புரிமைக்குக் கொண்டுபோன ரெஞ்சில், வேண்டிய அளவை வைத்துக்கொள்ளலாம். அந்த அளவு வந்ததும் காதில் கேட்கும்படி ஒரு சத்தம் வரும். இன்னைக்கு நாம "கிளிக் ரெஞ்ச்"னு சொல்றதுக்கு அதுதான் முன்னோடி.

இதுக்கு நடுவுல 1931ல் சிகாகோவைச் சேர்ந்த ஜான் ஷார்ப் வேறொரு வகை ரெஞ்சுக்குக் காப்புரிமை கேட்டார். அது சத்தம் போடாது. இழுக்கும்போது எவ்வளவு முறுக்கு விசை போகுதுன்னு காட்டும். ஆக, ஆரம்பத்திலேயே ரெண்டு குடும்பம் பிரிஞ்சிடுச்சு. அளவைக் காட்டுற ரெஞ்ச் ஒண்ணு, அளவு வந்ததும் சொல்ற ரெஞ்ச் ஒண்ணு. இன்னைக்குக் கடையில் கிடைக்கும் எல்லா ரெஞ்சும் இந்த ரெண்டில் ஒண்ணு, அல்லது ரெண்டும் கலந்தது.

கார் உலகத்துக்கு இது வந்தது கிரைஸ்லர் நிறுவனம் வழியாக. அந்த நிறுவனத்தில் உருவான ரெஞ்சைச் செய்து விற்க உரிமம் பெற்றவர் பால் ஸ்டர்டிவன்ட். அப்போது அவர் இன்னொரு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி. 1938ல் அவர் பெயரில் காப்புரிமையும் வந்தது. அவர் விற்றது பீம் வகை. ஒரு எஃகுக் கம்பி, அதன் பக்கத்தில் ஒரு முள், கைப்பிடிக்குக் கிட்ட ஒரு அளவுத் தட்டு. இழுத்தால் கம்பி வளையும். முள் வளையாது. ரெண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அளவு. ஸ்பிரிங் இல்ல, பல் இல்ல, தேய்மானமும் கிட்டத்தட்ட இல்ல. முள் பூஜ்யத்தில் நிக்குதான்னு பார்த்தால் போதும். நிக்கலைன்னா முள்ளை லேசா வளைச்சு பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஸ்பிட்ஃபயர், லங்காஸ்டர் விமானங்களை ஓட்டிய ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜினில் சிலிண்டர் ஹெட் கசியாமல் உட்காரவேண்டும் என்றால் எல்லா நட்டும் ஒரே அளவில் இறுகவேண்டும். இங்கிலாந்தின் பான்பரி நகரத்தில் 1942ல் நார்த் பார் டூல் கம்பெனி என்று ஒன்று தொடங்கப்பட்டது. டார்க் ரெஞ்ச் செய்வதுதான் வேலை. இன்று நார்பார் என்று அறியப்படும் நிறுவனம் அதுதான். வானத்துல இன்ஜின் நின்னுபோச்சுன்னா ஓரமா நிறுத்திப் பார்க்க முடியாது இல்லையா? அதனால் கைக்கணக்கு போதாது என்ற முடிவுக்கு விமானத் தொழில் முதலில் வந்தது. லாரித் தொழில் அந்த முடிவுக்கு வர இன்னும் பல உயிர்கள் போகவேண்டியிருந்தது.

ரெஞ்ச் அளப்பது எதை?

கதையின் நடுப்பகுதிக்கு வந்துட்டோம். இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாகணும். நமக்கு வேண்டியது முறுக்கு விசை இல்ல. நமக்கு வேண்டியது பிடிமானம். ஸ்டட்டை ஒரு கெட்டியான ரப்பர் பேண்டுன்னு நினைச்சுக்குங்க. நட்டைத் திருப்பும்போது ஸ்டட் கொஞ்சம் நீளுது. நீண்ட ஸ்டட் சுருங்கப் பார்க்குது. அந்தச் சுருங்கும் விசைதான் சக்கரத்தை ஹப்போடு சேர்த்து அமுக்குது. அந்த அமுக்கத்தால் வரும் உராய்வுதான் சக்கரத்தைத் தாங்குது.

நாம ரெஞ்சில் போடுற உழைப்பில் ஏறத்தாழ பாதி, நட்டுக்கு அடியில் உராய்வாகப் போயிடும். இன்னொரு நாப்பது சதவீதம் மரையில் உராய்வாகப் போகும். ஸ்டட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது பத்து சதவீதம்தான். ரூபாய்க்குப் பத்து பைசா. அதனால் அந்தத் தொண்ணூறு பைசா உராய்வில் கொஞ்சம் மாறினாலும் பத்து பைசா பெரிசா ஆட்டம் காணும்.

கணக்கா சொல்றேன். ரெஞ்சை 650 நியூட்டன் மீட்டருக்கு வெச்சிருக்கீங்க. 22 மில்லிமீட்டர் ஸ்டட். பொறியாளர்கள் இதுக்கு எளிமையான ஒரு சூத்திரம் வெச்சிருக்காங்க: முறுக்கு விசையை ஸ்டட்டின் விட்டத்தாலும் உராய்வுக்கான ஒரு எண்ணாலும் வகுக்கணும். லேசா எண்ணெய் விட்ட மரைக்கு அந்த எண்ணை 0.15 என்று எடுத்துக்கொண்டால் ஒரு ஸ்டட்டில் கிட்டத்தட்ட 20 டன் பிடிமானம் வரும். காய்ஞ்ச மரைக்கு 0.2 என்றால் 15 டன். துருப்பிடிச்ச மரைக்கு 0.3 என்றால் 10 டன். மூணு தடவையும் ரெஞ்ச் ஒரே இடத்தில்தான் "கிளிக்"னு சொல்லியிருக்கும். ரெஞ்ச் பொய் சொல்லல. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லுது.

வட அமெரிக்க லாரிகளில் இதுக்கு நல்ல உதாரணம் இருக்கு. அங்கே பழைய முறைச் சக்கரத்தை ஸ்டட்டுகளே நடுவில் நிறுத்தும். உருண்டை முகம் கொண்ட நட்டு. இரட்டைச் சக்கரத்தில் உள் சக்கரத்துக்கு ஒரு நட்டு, அதன் மேலேயே மரை ஏறும் வெளிச் சக்கரத்துக்கு இன்னொரு நட்டு. இடப்பக்கச் சக்கரத்துக்கு இடது மரை, வலப்பக்கத்துக்கு வலது மரை. 1980களிலிருந்து பரவிய புது முறையில் ஹப்பே சக்கரத்தை நடுவில் நிறுத்தும். ரெண்டு சக்கரத்தையும் ஒரே நட்டு பிடிக்கும். வாஷர் சேர்ந்த நட்டு. ரெண்டு பக்கமும் வலது மரை. ரெண்டு முறைக்கும் ஏட்டில் இருக்கும் அளவு ஒண்ணுதான்: 450 முதல் 500 பவுண்டு அடி. ஆனால் பழைய முறைக்கு மரை காய்ஞ்சிருக்கணும். புது முறைக்கு மரை நுனியிலும், நட்டுக்கும் வாஷருக்கும் நடுவிலும் ரெண்டு சொட்டு எண்ணெய் விடணும். ஒரே எண், ரெண்டு வெவ்வேறு நிபந்தனை. எண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு நிபந்தனையை விட்டால் ரெஞ்ச் எவ்வளவு துல்லியமா இருந்தும் பயனில்லை.

யுங்கர் கண்டது

சரி, இறுக்கின நட்டு ஏன் தானா கழலுது? "அதிர்வுதான் காரணம்"னு எல்லாரும் சொல்லுவோம். எந்த அதிர்வு? ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969ல் ஒரு கட்டுரையில் பதில் சொன்னார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்குவாக்கில் வரும் அசைவுதான் மோசமானது. பிடித்திருக்கும் ரெண்டு பாகமும் ஒன்றின் மேல் ஒன்று பக்கவாட்டில் துளி வழுக்கினால், அந்தக் கணத்தில் மரையின் உராய்வுப் பிடி தளருது. மரை என்பது சரிவான பாதை. பிடி விட்டால் நட்டு அந்தச் சரிவில் இறங்கும். ஒவ்வொரு வழுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமா. இதைக் காட்ட அவர் ஒரு இயந்திரமே செய்தார். போல்ட் கழலுமா என்று சோதிக்க இன்னைக்கும் "யுங்கர் சோதனை"தான் நடக்குது.

அவர் சொன்னதை நம்ம லாரிக்குக் கொண்டுவந்தால் இப்படி வரும்: சக்கரம் ஹப்பின் மேல் வழுக்காத அளவுக்கு அமுக்கம் இருக்கும்வரை நட்டு கழலாது. அமுக்கம் அந்த எல்லைக்குக் கீழே போனதும் வழுக்கல் தொடங்கும். வழுக்கல் தொடங்கினால் அமுக்கம் இன்னும் குறையும். பிறகு நிற்காது.

அமுக்கம் எப்படிக் குறையும்? ஸ்டட் எவ்வளவு நீளுதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. 20 டன் இழுத்தும் அது நீளுவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரு தலைமுடித் தடிமன்னு வெச்சுக்குங்க. சக்கரத்துக்கும் டிரம்முக்கும் நடுவில் துரு, மண், தடியா அடிச்ச பெயிண்ட் இருந்தால், வண்டி ஓடும்போது அது நசுங்கும். அரை முடி அளவு நசுங்கினாலே பாதி பிடிமானம் போச்சு. சக்கரத்தை மாட்டிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து திரும்ப இறுக்கணும்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான். வட அமெரிக்காவில் 50 முதல் 100 மைல், அதாவது 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் என்பது வழக்கம். முதலில் இறுக்கினவர் தப்பு பண்ணிட்டார்னு அர்த்தம் இல்ல. நசுங்கவேண்டியது நசுங்கின பிறகு மிச்சத்தைச் சரிசெய்யும் வேலை அது.

ஒன்டாரியோவின் சட்டம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1990களின் நடுவில் லாரியிலிருந்து கழன்ற சக்கரங்கள் மோதி மற்ற வண்டிகளில் போனவர்கள் இறந்தார்கள். மாகாணமே கொதித்தது. மரண விசாரணை நடந்தது. 1997ல் நெடுஞ்சாலைச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு சேர்த்தார்கள். கனரக வண்டியின் சக்கரம் சாலையில் கழன்றால் அதுவே குற்றம் என்றது அந்தப் பிரிவு. 2,000 முதல் 50,000 டாலர் வரை அபராதம்.

அபராதத் தொகையைவிடக் கடுமையானது இன்னொரு வரி. "நாங்க முடிஞ்ச அளவு கவனமாத்தான் இருந்தோம்" என்ற வாதம் செல்லாது என்று சட்டம் சொன்னது. வழக்கமா குற்றச்சாட்டு வந்தால் பதிவேட்டைக் காட்டலாம், பயிற்சிச் சான்றிதழைக் காட்டலாம். அந்தச் சட்டத்தில் அப்போது அதைக் காட்டி தப்பிக்க முடியவில்லை. இது நியாயமான்னு ஒரு போக்குவரத்து நிறுவனம் வழக்குப் போட்டது. 2003ல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சிறைத் தண்டனை இல்லை, அபராதம் மட்டும்தான் என்பது முக்கியமான காரணம்.

இந்தச் சட்டத்தைப் பத்தி ரெண்டு விதமா யோசிக்கலாம். ஸ்டட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் மெக்கானிக் என்ன செய்வார், பாவம்? அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கு. இன்னொரு பக்கம், எதிரே காரில் வந்தவருக்கு உங்க பதிவேட்டால் என்ன பிரயோஜனம்? சட்டம் அந்தக் காரில் வந்தவர் பக்கம் நின்றது. அதன்பிறகு ஒரு ஷெட்டில் டார்க் ரெஞ்ச் வாங்குவது, அதைச் சோதனைக்கு அனுப்புவது எல்லாம் முதலாளியின் செலவுக் கணக்கில் வேறு இடத்துக்கு நகர்ந்தது. வசதிக்காக வாங்கும் பொருளாக இருந்தது, தொழில் நடத்த வேண்டிய பொருளாக ஆனது.

எப்படிப் பார்த்து வாங்குவது?

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரித் தொழிலில் இருக்கிற நம்ம நேயர்களுக்கு இந்தப் பகுதி நேரடியா உதவும். மேலே சொன்ன எண்கள் வட அமெரிக்க லாரிகளுக்கானவை. உங்க வண்டிக்கு அதன் மேனுவலில் இருக்கும் அளவுதான் அளவு. எண்ணெய் விடணுமா வேண்டாமா என்பதையும் அங்கேயே பாருங்க.

முதல்ல எல்லை. கிளிக் ரெஞ்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6789 தரநிலை, ரெஞ்சின் உச்ச அளவில் 20, 60, 100 சதவீதம் என்ற மூன்று இடங்களில் சோதிக்கச் சொல்லுது. 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட ரெஞ்சுகளில் பிழை நாலு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இதிலிருந்து தெரிவது என்ன? உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே அந்த ரெஞ்சை நம்பக்கூடாது. ஆயிரம் வரை போகும் ரெஞ்சை வெச்சுக்கிட்டு 100 நியூட்டன் மீட்டர் போல்ட்டை இறுக்கினால் அது ஊகம்தான். வீல் நட்டுக்கு ஒண்ணு, இன்ஜின் வேலைக்கு ஒண்ணுன்னு குறைஞ்சது ரெண்டு ரெஞ்ச் வேணும். உங்களுக்கு அதிகம் தேவைப்படும் அளவு, ரெஞ்சின் எல்லைக்கு நடுவிலோ கொஞ்சம் மேலேயோ விழணும்.

ரெண்டாவது நீளம். 650 நியூட்டன் மீட்டரை ஒரு மீட்டர் நீள ரெஞ்சில் கொண்டுவர 66 கிலோ அளவுக்கு இழுக்கணும். ஒரு வண்டிக்கு நாப்பது, அறுபது நட்டு. நீளம் போதாத ரெஞ்ச் வாங்கினால் ஆள் மறுபடியும் பைப்பைத் தேடிப் போவார். கிளிக் ரெஞ்சில் பைப் மாட்டினால் அளவே மாறிப்போகலாம். கைப்பிடியின் நடுவில் பிடிச்சு இழுப்பதற்காகத்தான் அது அளவு வைக்கப்பட்டிருக்கு. ஆள் பலம் போதலைன்னா பல்சக்கரம் வெச்ச டார்க் பெருக்கி வாங்கலாம். அப்போது அதோடு வரும் அட்டவணையைப் பார்த்துத்தான் ரெஞ்சை வைக்கணும்.

மூணாவது வகை. சத்தமான ஷெட்டில், சக்கரத்துக்கு அடியில் குனிஞ்சு வேலை செய்யும்போது முள்ளைப் பார்க்க முடியாது. அங்கே கிளிக்தான் சரி. அதே சமயம் ஒரு பீம் ரெஞ்ச் வாங்கி வெச்சிருந்தால், கிளிக் ரெஞ்ச் மேல் சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். டிஜிட்டல் ரெஞ்ச் நல்லதுதான். பேட்டரி, தூசி, மழை மூணையும் பார்த்துக்கணும்.

நாலாவது, சான்றிதழ். ரெஞ்சின் உடம்பில் ஒரு வரிசை எண், பெட்டிக்குள் அதே எண்ணோடு சோதனைச் சான்றிதழ். இது இல்லாத ரெஞ்சுக்கு எவ்வளவு விலை குறைஞ்சாலும் அது அளவுகோல் ஆகாது.

வாங்கின பிறகு

கிளிக் ரெஞ்சுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கு. கைப்பிடியைத் திருப்பினால் ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கிய அளவுதான் அளவு. வேலை முடிஞ்சதும் அளவுகோலில் இருக்கும் மிகக் குறைந்த எண்ணுக்குக் கொண்டுவந்து வைக்கணும். அமுங்கின நிலையில் மாசக்கணக்கில் விட்டால் ஸ்பிரிங் சோர்ந்துபோகும். அதுக்காகக் குறைந்த எண்ணையும் தாண்டி முழுசா தளர்த்திடவும் கூடாது. உள்ளே இருக்கும் பாகங்கள் இடம் மாறிடும்.

நட்டைக் கழட்ட இதைப் பயன்படுத்தக் கூடாது. துருப்பிடிச்ச நட்டு கழலும்போது எவ்வளவு விசை கேட்கும்னு யாருக்கும் தெரியாது. கிளிக் சத்தம் கேட்ட பிறகு "இன்னொரு தடவை, திருப்திக்கு" என்று இழுக்கவும் கூடாது. அந்தத் திருப்திதான் அளவைக் கெடுக்குது. கீழே விழுந்தால் சோதிக்காமல் பயன்படுத்த வேண்டாம். டீசல்ல முக்கிக் கழுவ வேண்டாம். உள்ளே இருக்கும் மசகு கரைஞ்சு போயிடும். துணியால் துடைச்சு பெட்டியில் வைங்க.

சோதனைக்கு எப்போ அனுப்பணும்? தயாரிப்பாளர் வேறு மாதிரி சொல்லாவிட்டால் பன்னிரண்டு மாசம் அல்லது 5,000 கிளிக், எது முதலில் வருதோ அது. 5,000 பெரிய எண்ணா தெரியுது இல்லையா? ஒரு ஆறு சக்கர லாரியில் நாலு இடம், இடத்துக்குப் பத்து நட்டு. நாப்பது. திரும்ப இறுக்குவதையும் சேர்த்தால் எண்பது. 5,000த்தை எண்பதால் வகுத்தால் 62 லாரி. ஒரு நாளைக்கு ரெண்டு லாரி சக்கரம் கழட்டி மாட்டும் ஷெட்டுக்கு ஒரு மாசத்துக் கணக்கு அது. நம்ம நாட்டில் என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள அளவீட்டுக் கூடங்களில் இந்தச் சோதனை செய்து சான்றிதழ் தருவாங்க.

கடைசியா ஏர் கன். வேகமா நட்டை ஓட்டுறதுக்கு அது நல்ல கருவி. ஆனா கன்னிலேயே முழுசா அடிச்சு இறுக்கிட்டு, அதுக்கு மேல டார்க் ரெஞ்சை வெச்சு "கிளிக்" கேட்டுட்டு சரின்னு போறது சோதனை ஆகாது. நட்டு அசையாமலே கிளிக் வந்தால், குறைஞ்சது அந்த அளவுக்கு இறுகியிருக்குன்னுதான் அர்த்தம். ரெண்டு மடங்கு இறுகியிருந்தாலும் அதே கிளிக்தான் வரும். கன்னைக் குறைவா வெச்சு, எதிர் எதிர் நட்டாக உட்காரவைங்க. கடைசித் திருப்பு ரெஞ்சில் நடக்கட்டும். நட்டு நகர்ந்து, நகர்ந்து, பிறகு கிளிக். அந்த நகர்வைக் கண்ணால் பார்த்தால்தான் நீங்க அளந்ததா அர்த்தம். திரும்ப இறுக்கும்போதும் அப்படித்தான். கிளிக்குக்கு முன்னாடி எத்தனை நட்டு நகர்ந்துச்சுன்னு ஒரு நோட்டில் குறிச்சு வைங்க. ஒரே சக்கரத்தில் பல நட்டு நகர்ந்தால் ரெஞ்சைக் குறை சொல்லாமல் சக்கரத்தைக் கழட்டி முகத்தைப் பாருங்க. துருவோ, பெயிண்டோ, தேஞ்சுபோன மரையோ அங்கே இருக்கும்.

கான்ராட் பார் தண்ணீர்க் குழாயில் பார்த்த பிரச்சினைதான் இதுவும். ஒரே ஆள், ஒரே கை, பத்து நட்டு, பத்து இறுக்கம். ரெஞ்ச் அதில் ஒரு பங்கைத் தீர்த்தது. மரையைச் சுத்தம் பண்றது, எண்ணெய் விதி, முகத்தைத் தேய்க்கிறது, கொஞ்ச தூரம் ஓடின பிறகு திரும்பப் பார்க்கிறது, இதெல்லாம் இன்னும் நம்ம கையில்தான் இருக்கு.

உங்க ஷெட்டில் இருக்கும் டார்க் ரெஞ்ச் கடைசியா எப்போ சோதனைக்குப் போச்சுன்னு இன்னைக்கே அதன் பெட்டியைத் திறந்து பாருங்க. சான்றிதழில் தேதி இருக்கும். என்ன தேதின்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.